அம்மன் கண்ணும் சிவப்புக் கண்ணாடியும்

நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரியில் போன மாதம் ஒரு ஸ்கேன் மெஷின் வந்து இறங்கியது. திறப்பு விழாவுக்குப் பழைய ஆட்களைத் தேடிப் பார்த்ததில் எக்ஸ்ரே பிரிவில் நான் ஒருவன்தான் மிஞ்சியிருந்தேன். மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். விழா முடிந்து கேசரி சாப்பிடும்போது இப்போதைய டெக்னீஷியன்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏர்போர்ட்ல பெட்டியெல்லாம் எக்ஸ்ரேல பாக்கறாங்களே சார், உங்க காலத்துல போலீசுக்காக எதையாவது எடுத்ததுண்டா?" என்று ஒரு பெண் கேட்டாள். உண்டு, ஒரு ஆளுடைய வயிற்றை எடுத்தோம், கொல்லிமலை மேலே, என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சி. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் டார்க் ரூம் உதவியாளாகச் சேர்ந்தேன். இருட்டில் பிலிமைக் கழுவவும், விரலில் மருந்து பட்டு நகம் பழுப்பேறினால் அதைப் பெருமையாக நினைத்துக்கொள்ளவும் பழகினேன். என் படிப்பு அவ்வளவுதான். மீதியெல்லாம் டாக்டர் தேவசகாயத்தைப் பார்த்துக் கற்றது.

டாக்டர் ஒல்லியான, நெட்டையான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். மெஷினை ஓட்டும் முன் அதன் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி, "ஆரம்பிக்கலாமா?" என்பார். அது என்னிடம் கேட்பதா, மெஷினிடம் கேட்பதா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. படத்தைப் படம் என்று சொல்லவிட மாட்டார். "நிழல்" என்றுதான் சொல்லவேண்டும். "எலும்பு முறிஞ்சிருக்கு சார்" என்று நான் ஒருநாள் சொன்னபோது, "முறிவு மாதிரி ஒரு நிழல் இருக்கிறது என்று சொல்லுங்கள். முறிந்ததா என்று அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் சொல்கிறேன்" என்றார். பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டு, என் நுரையீரல் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டார். "உங்கள் நிழல் சுத்தமாக இருக்கிறது" என்றார் டாக்டர். அந்த உத்தியோகஸ்தர் அதன்பிறகு எங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

அந்த நாளில் உடம்பினுள்ளே நேரடியாகப் பார்க்க ஒரு ஸ்கிரீன் உண்டு. ஆளை நிற்கவைத்து, பின்னாலிருந்து கதிரை விட்டால், முன்னால் பிடித்த ஸ்கிரீனில் பச்சையாக மினுங்கும். அந்த வெளிச்சம் மிகவும் மங்கல். வெயிலிலிருந்து நேராக வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் டாக்டர் அரைமணி நேரத்துக்கு முன்பே சிவப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணை இருட்டுக்குப் பழக்குவார். பக்கவாட்டில்கூட வெளிச்சம் புகாதபடி தோல் வைத்துத் தைத்த கண்ணாடி. அதைப் போட்டால் டாக்டர் பெரிய வண்டு மாதிரி இருப்பார்.

பட்டாளத்துக்காகச் செய்த மெஷின் ஒன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது. பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தூக்கிப் போகலாம். கரண்டுக்குப் பெட்ரோல் எஞ்சினும் கூடவே உண்டு. அதை எங்கே தூக்கிப்போவது என்று யாருக்கும் தெரியாமல் மூலையில் கிடந்தது. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் வந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு விஞ்ஞானத்தின்மேல் அப்படியொரு பக்தி. அரியூர் நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் அம்மனுடைய தங்கக் கண் ஒன்று காணாமல் போயிருந்தது. கல் சிலையின் முகத்தில் பதிக்கிற கண்மலர். இவர் ரேகை எடுக்கிற கறுப்புப் பொடியோடு மலையேறிப்போய், கோவில் முழுக்கத் தூவி, அம்மன் முகத்திலும் பூசிவிட்டார். ஊரே கூடி நின்று, போலீஸ் பூசை எப்போது முடியும், பிரசாதம் உண்டா என்று கேட்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஏறிய எண்ணெய்ப் பிசுக்கில் எல்லோருடைய ரேகையும் இருந்தது, அதனால் யாருடைய ரேகையும் இல்லை.

ஆனாலும் ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். சடையன் என்ற விவசாயி. கண் காணாமல் போன அன்று காலையில் கோவில் வாசலில் உட்கார்ந்து எதையோ வாயில் போட்டு விழுங்கியதைப் பூசாரி பார்த்திருக்கிறார். முதுகுவலிக்கு மிளகு உருண்டை விழுங்கினேன் என்றார் சடையன். கண்ணை விழுங்கினாய் என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்படியானால் அந்த ஆளை இங்கே அழைத்து வாருங்கள், பார்த்துவிடலாம்" என்றார் எங்கள் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அங்கதான் சார் சிக்கல். ஊர்க்கவுண்டர் விடமாட்டேங்கறார். அம்மன் கண்ணு மலை இறங்கக்கூடாதாம். அது இவன் வயித்துல இருக்கறவரைக்கும் இவனும் இறங்கக்கூடாதாம்."

"வயிற்றில் இல்லையென்றால்?"

"இல்லேன்னா இறங்கலாமாம். ஆனா இல்லேன்னா எனக்கு அவனை இறக்கவேண்டிய வேலையே இல்லையே சார்."

டாக்டர் வெகுநேரம் யோசித்தார். அந்த வாதத்தில் அவருக்கு ஓட்டை எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது. மூலையில் கிடந்த மெஷினை ஒருதரம் பார்த்தார். மேலிடத்திலும், புது மெஷினைச் சோதித்த மாதிரி இருக்கும் என்று அன்றைக்கே அனுமதி தந்துவிட்டார்கள்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்து விவசாயிகள் பெட்டிகளை மூங்கிலில் கட்டிப் பாதிவழி தூக்கி வந்தார்கள். அங்கிருந்து மலைக்காரர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். கதிர் வருகிற கண்ணாடிக் குழல் உடைந்தால் எல்லாமே வீண் என்பதால் அதை யாரிடமும் தரவில்லை. வேட்டித் துணியில் தூளி கட்டி, நெஞ்சோடு அணைத்து நானே சுமந்தேன். எதிரே வந்த அம்மாள் ஒருத்தி நின்று, "ஏனுங்க, கொழந்தைக்கு என்னங்க ஒடம்புக்கு?" என்று கேட்டாள். சொல்லி விளக்க மூச்சு இல்லாமல், காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது சடையனைத்தான். நடுவயது ஆள். பலா மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அருணாசலம் என்ற ஏட்டு துப்பாக்கியோடு நின்றார். சடையன் வயிற்றிலிருந்து எது வெளியே வந்தாலும் அதைப் பரிசோதித்துப் பார்க்கவேண்டும் என்பது ஏட்டுக்கு இட்ட உத்தரவு. டாக்டரைப் பார்த்ததும் ஏட்டு அழுதுவிடுவார் போலிருந்தது. "எட்டாவது பாஸ் பண்ணினவன் சார் நான்" என்றார்.

"ஏதாவது கிடைத்ததா?" என்றார் டாக்டர்.

"ஆள் போனாத்தானே சார் கிடைக்கும்? அவன் போகவே மாட்டேங்கறான்!"

சடையன் தலையைக் குனிந்துகொண்டார். "எப்புடீங்க சாமி போறது? பொதருக்குப் போனா இவரும் வர்றாருங்க. எதுக்க நின்னு உத்துப் பாக்கறாருங்க. எந்த மனுசனுக்குங்க வரும்?"

டாக்டர் அவர் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். பாறை மாதிரி இருந்தது. எழுந்து இன்ஸ்பெக்டரிடம் போனார். "இவருக்கு அவசரமாக ஒரு சிகிச்சை தேவை" என்றார்.

"என்ன மருந்து சார்?"

"ஏட்டை அந்தப் பக்கம் அனுப்புங்கள்."

இன்ஸ்பெக்டர் ஒப்பவில்லை. தடயம் தப்பிவிடும் என்றார். கடைசியில், முதலில் மெஷினில் பார்ப்பது, பார்த்து முடித்த நிமிஷமே ஏட்டை விலக்குவது என்று உடன்பாடு ஆயிற்று. சடையன் அன்றைக்கு எங்களை எவ்வளவு ஆவலோடு துரிதப்படுத்தினார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பெட்டியைப் பிரிக்கக்கூட உதவிக்கு வந்தார்.

தானியம் வைக்கிற வீடு ஒன்றைக் காலி செய்து தந்தார்கள். சுவர் இடுக்குகளை எல்லாம் கம்பளியால் அடைத்து நான் இருட்டாக்கினேன். நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது டாக்டர் சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண் பழகும்வரை சும்மா நடந்துவரலாம் என்று தெருவில் இறங்கினார்.

அவ்வளவுதான். உள்ளே இருப்பதைப் பார்க்கிற டாக்டர் வந்திருக்கிறார் என்று ஊருக்குத் தெரியும். எதனால் பார்ப்பார் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்ததும் அவர்களாகவே புரிந்துகொண்டார்கள். பெண்கள் முறத்தை எடுத்து வயிற்றை மறைத்துக்கொண்டு ஓடினார்கள். ஆண்கள் மரத்தின் பின்னால் ஒதுங்கினார்கள். ஒதுங்க இடம் கிடைக்காதவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். டாக்டருக்கு அந்தக் கண்ணாடியில் ஆட்கள் மங்கலாகத்தான் தெரிவார்கள். யாரோ வணக்கம் சொல்கிறார்கள் என்று இவரும் ஒவ்வொருவர் பக்கமும் நின்று, உற்றுப் பார்த்து, வணக்கம் சொன்னார்.

அப்படி உற்றுப் பார்த்ததில் ஒரு ஆள் மரத்தின் பின்னாலிருந்து தானாகவே வெளியே வந்தார். "சாமி, பாத்துட்டீங்க. இனி மறைச்சு என்னங்க. பக்கத்துத் தோட்டத்துப் பலாப்பழம் நாந்தானுங்க தின்னது" என்றார்.

"நல்லது, செரித்ததா?" என்றார் டாக்டர். வைத்தியக் கேள்வியாகத்தான் கேட்டார். அந்த ஆள் நடுங்கிப்போனார்.

பிறகு வரிசையாக வந்தார்கள். ஒருவர் புதருக்குள் சாராய ஊறல் போட்டிருந்ததைச் சொன்னார். ஒரு அம்மாள், மருமகள் சமைத்த களியில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டது தான்தான் என்றாள். டாக்டர், நான் இன்னும் மெஷினையே போடவில்லையே, மெஷின் போட்டாலும் எலும்புதான் தெரியும், அதுவும் நிழல்தான் என்று எல்லோரிடமும் பொறுமையாக விளக்கினார். அது பெரிய மனிதர்களின் அடக்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் மட்டும் ஒரு பாறைமேல் நின்று, முகம் மலர்ந்து, "பாத்தீங்களா சார், சயன்ஸ்!" என்றார்.

எஞ்சினை முடுக்கினேன். மலை அதிர்ந்தது. சடையனை நிற்கவைத்தோம். டாக்டர் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். ஸ்கிரீனில் பச்சை வெளிச்சம் எழும்பியது. விலா எலும்புகளும் முதுகெலும்பும் தெரிந்தன. இடுப்புக்குச் சற்று மேலே, நல்ல கறுப்பாக, உருண்டையாக ஒன்று இருந்தது.

"கண்ணு!" என்று, முன்பே வந்து இருட்டில் உட்கார்ந்து கண் பழகியிருந்த இன்ஸ்பெக்டர் கத்தினார். வாசல் கம்பளிக்கு வெளியே நின்ற ஊர்க்கவுண்டர் அதைக் கேட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டி, அம்மன் அங்கே இருக்கிறாள் என்று சடையனின் வயிற்றைக் கும்பிட்டார்.

"உலோகம் மாதிரி ஒரு நிழல்" என்றார் டாக்டர்.

"தங்கம்னு எழுதிக்கலாமா சார்?"

"நிழலுக்கு நிறம் கிடையாது இன்ஸ்பெக்டர். தங்கமாக இருக்கலாம். பித்தளையாக இருக்கலாம். ஈயமாகவும் இருக்கலாம்."

சடையனின் முகம் வெளிறிவிட்டது. கண்ணை விழுங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் தன் வயிற்றிலிருக்கும் கறுப்பு உருண்டையை மற்றவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். தனக்கே தெரியாமல் விழுங்கிவிட்டோமோ என்று அவரே சந்தேகப்படத் தொடங்கிவிட்டார். வாசலில் நின்ற அவர் மனைவி, "தூக்கத்துல முழுங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். "தெரியலையே புள்ள" என்றார். ஒரு மெஷின் ஒரு மனுஷனை அவன் மேலேயே சந்தேகப்பட வைத்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். விலங்கு எடுத்து வர ஏட்டை அனுப்பிவிட்டார் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் மட்டும் ஸ்கிரீனை விட்டு நகரவில்லை. "மூச்சை நன்றாக இழுங்கள். விடுங்கள்" என்றார். திரும்பத் திரும்பச் சொன்னார். குடல் நிழலெல்லாம் மூச்சுக்கு ஏறி இறங்கியது. கறுப்பு உருண்டை மட்டும் அசையவில்லை. "பக்கவாட்டில் திரும்புங்கள்" என்றார். சடையன் திரும்பியதும் உருண்டை வயிற்றை விட்டு விலகி, பின்னால் முதுகெலும்பை ஒட்டிப்போய் நின்றது. டாக்டர் மெஷினை நிறுத்தச் சொல்லி, பழகிய கண் கெடாமலிருக்கச் சிவப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, வாசல் கம்பளியை விலக்கச் சொல்லிவிட்டு, சடையனின் முதுகை விரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பழைய தழும்பு.

"இது எப்போது பட்டது?"

"அது வேட்டைக்குப் போனப்பங்க. ரொம்ப வருசமாச்சுங்க. பன்னி ஓட்டிட்டு மூங்கிக் காட்டுக்குள்ள போனனுங்க. டமால்னு இடி மாதிரி சத்தம். குப்புற உழுந்துட்டனுங்க. சாமி அடிச்சிருச்சுன்னு எம் மச்சினன்தான் தூக்கிட்டு வந்தானுங்க. அதுலேர்ந்துதானுங்க இந்த முதுகுவலி."

"இது துப்பாக்கி ரவை" என்றார் டாக்டர். "ஈயம்."

வாசலில் நின்ற எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொன்னன் என்ற முப்பது வயதுக்காரன். சடையன் மனைவியின் தம்பி, அன்று அவரைத் தூக்கி வந்த அதே மச்சினன். அவன் தலையிலிருந்த துண்டை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி தலையிலேயே கட்டிக்கொண்டான்.

திருட்டு வழக்கு கைநழுவியதில் இன்ஸ்பெக்டர் வாடிப்போயிருந்தார். இதைக் கேட்டதும் மறுபடி உயிர் வந்துவிட்டது. "லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி! யாருடா சுட்டது? பேரைச் சொல்லு. சொன்னா இன்னைக்கே உள்ள தள்ளிடறேன்."

சடையன் பொன்னனைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷம் குனிய முடியாமல், நிமிர முடியாமல் தவித்த மனுஷர். ஒரே வார்த்தை சொன்னால் போதும். நான் மெஷின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.

"யாருன்னு எப்புடீங்க தெரியும்?" என்றார் சடையன். "எனக்கென்னங்க முதுகுலயா கண்ணு இருக்குது?"

"சாமி சுட்டுதா அப்ப?"

"அப்புடித்தானுங்க சொன்னாங்க. சாமிக்கு லைசென்சு உண்டுங்களா?"

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லாரையும் இந்த மெஷின்ல நிறுத்தறேன். அப்பத்தான் உண்மை வரும். முதல்ல சாட்சி சொன்ன பூசாரி வரட்டும்" என்றார். டாக்டரோ இன்னும் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. யார் பூசாரி என்று அவர் திரும்பிப் பார்த்ததுதான் தாமதம், பூசாரி வெள்ளையன் தரையில் விழுந்துவிட்டார்.

"பாக்காதீங்க சாமி! நானே சொல்லிப்போடறனுங்க. அம்மனைத் தண்ணி ஊத்திக் கழுவயில கண்ணு கழண்டு வந்துருச்சுங்க. கை வழுக்கி, தண்ணி போற பொந்துக்குள்ள உழுந்துருச்சுங்க. அம்மன் கண்ணைக் கீழ போட்டவன் இனி பூசை பண்ணக்கூடாதுன்னு சொல்லிப்போடுவாங்கன்னுதானுங்க களவு போச்சுன்னேன்."

ஊர்க்கவுண்டர் கோவிலுக்குப் போனார். நீளமான குச்சியின் நுனியில் பலாப்பால் தடவிப் பொந்துக்குள் விட்டுத் துழாவினார். கண் ஒட்டிக்கொண்டு வந்தது. ரேகைப் பொடி கொஞ்சம் அதிலும் பூசியிருந்தது. நவீன எக்ஸ்ரே முறையில் களவுப் பொருள் மீட்கப்பட்டது என்று இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்குத் தெரிவித்தார் என்றும், அதற்காக அவரைப் பாராட்டினார்கள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். தவறு என்றும் சொல்ல முடியவில்லை.

இந்தக் களேபரத்தில் சடையனை யாரும் கவனிக்கவில்லை. ஏட்டு கையில் விலங்கோடு வந்து தேடியபோதுதான் ஆளைக் காணோம் என்று தெரிந்தது. வெகுநேரம் கழித்து, ஓடையில் கால் கழுவிக்கொண்டு, முகம் தெளிந்து, மெதுவாக நடந்து வந்தார். "இப்பத்தானுங்க உசுரு வந்துச்சு" என்றார் டாக்டரிடம்.

டாக்டர் இன்னும் இரண்டு பிலிம் எடுக்கச் சொன்னார். ஓடைத் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்ததால் மருந்துக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றிப் பிலிமைக் கழுவினேன். ஈரம் சொட்டச் சொட்ட டாக்டர் அதை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சடையன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ரவை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் என்னால் எடுக்க முடியாது. நரம்புக்கு மிக அருகில் இருக்கிறது. கத்தி வைத்தால் உங்கள் கால் இரண்டும் போய்விடலாம். என்னை மன்னிக்கவேண்டும்."

நோயாளி ஒருவரிடம் டாக்டர் மன்னிப்புக் கேட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சடையன் பிலிமை வாங்கித் தன் முதுகெலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுக்கென்னுங்க சாமி. உள்ள இருக்கறது என்னன்னு தெரிஞ்சுதுங்களே" என்றார். டாக்டர் வலிக்குக் கொஞ்சம் மாத்திரை கொடுத்தார். மிளகு உருண்டையையும் விடவேண்டாம் என்றார்.

மறுநாள் காலையில் இறங்கினோம். பெட்டி தூக்க முதல் ஆளாகப் பொன்னன் வந்து நின்றான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் சடையனும் மலைச்சரிவு வரைக்கும் வழியனுப்பக் கூட வந்தார். வழியில் சுமையை இறக்கி இளைப்பாறியபோது அவர்கள் இரண்டு பேரும் எனக்கு அடுத்த பாறையில் உட்கார்ந்தார்கள்.

"மாமா, பொதரு அசைஞ்சுதுங்க. பன்னின்னு நெனச்சுட்டனுங்க" என்றான் பொன்னன்.

"எனக்கு நீ சுட்டதுகூடப் பெருசில்லடா மாப்ளே" என்றார் சடையன். "சாமி எதுக்கு அடிச்சுது, என்ன கொறை வெச்சோம்னு யோசிச்சு யோசிச்சு, வருசா வருசம் கெடா வெட்டிப் பொங்க வெச்சனேடா. நீயும் வந்து பந்தியில உக்காந்து தின்னுட்டுத்தானே போனே?"

பொன்னன் தலையைக் குனிந்தான். "அக்காதானுங்க கூப்புட்டுச்சு."

"தின்னது போதாதுன்னு, ஈரலை எனக்குன்னு கேட்டு வாங்கித் தின்னியேடா!"

டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

புறப்படும்போது சடையனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. பொன்னன் தூக்க எடுத்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் குனிந்து நின்றான். "போடா அக்கட்ட" என்றார் சடையன். அவன் போகவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டினார். பிறகு அவன் முதுகில் ஏறிக்கொண்டார். அவர்கள் மலைப்பாதையில் திரும்பி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வளைவில் மறைந்த பிறகும், ஈரலைப் பற்றி அவர் திட்டுவது எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.